நீலத்திரை வந்தால் முதலில் ஒரு பேனாவை எடுங்கள்

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தையின் மேசைக் கணினி ஒரே மாதத்தில் இரண்டு முறை ஃபார்மட் செய்யப்பட்டது. நீலமாக ஒரு திரை வந்து கணினி நின்றுபோகிறது என்று முதலில் கடைக்கு எடுத்துப் போனார். "வைரஸ்தான், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார்கள். கூலியோடு சேர்ந்து பேத்தியின் காதணி விழாப் படங்களும் போயின. வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாளே மறுபடியும் நீலத்திரை. அதே கடை, அதே பேச்சு, மறுபடியும் ஃபார்மட். அடுத்த வாரம் திரும்பவும் வந்துவிட்டது.

நான் ஊருக்குப் போனபோது, "அத்தை, அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். "அதை யார் படித்தார்கள்? கடைக்காரரே படிக்கவில்லையே" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத அந்தப் பதில்தான் காரணம். நீலத்திரையைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. வைரஸ் என்பார்கள், மதர்போர்டு போய்விட்டது என்பார்கள், விண்டோஸே அப்படித்தான் என்பார்கள். அந்தத் திரையிலேயே காரணத்துக்கான துப்பு எழுதியிருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கணினி படித்தவர்களுக்கு மட்டும் புரியும் விஷயம் இல்லை இது. விண்டோஸ் உள்ள கணினியை வீட்டில் வைத்திருக்கும் எவரும் புரிந்துகொள்ளலாம்.

பந்தி ஏன் நின்றது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கூடத்தில் பந்தி நடக்கிறது. உள்ளே சமையற்கட்டு. சாப்பிட வந்தவர்கள் யாரும் சமையற்கட்டுக்குள் போவதில்லை. எது வேண்டுமானாலும் பரிமாறுபவரிடம் கேட்கிறார்கள், அது இலைக்கு வருகிறது.

பந்தியில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஓர் இலையில் நடந்த கோளாறு அந்த இலையோடு முடிந்துவிடும்.

சமையற்கட்டில் ஓர் அண்டாவில் பல்லி விழுந்துவிட்டது என்று வையுங்கள். எந்த அண்டா என்று தெரியவில்லை. அதிலிருந்து எத்தனை வாளி எடுத்துப் போனார்கள் என்பதும் தெரியவில்லை. பொறுப்புள்ள தலைமைச் சமையற்காரர் என்ன செய்வார்? ஒரு நொடியும் தாமதிக்காமல் பந்தியை நிறுத்துவார். பாதி சாப்பாட்டில் எழுப்பிவிட்டார்களே என்று எல்லோருக்கும் கோபம் வரும். பெண் வீட்டாருக்கு அவமானமாக இருக்கும். இருந்தாலும் அவர் செய்தது சரி. தொடர்ந்து பரிமாறியிருந்தால் மண்டபமே மருத்துவமனையில் கிடந்திருக்கும்.

நீலத்திரை என்பது அந்த நிறுத்தம்தான். கணினி தன்னை அறியாமல் விழுந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தெரிந்தே நின்றிருக்கிறது. உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியவில்லை, இதற்கு மேல் ஓடினால் உங்கள் கோப்புகளின் மேல் குப்பையை எழுதிவிடக்கூடும் என்ற நிலையில் விண்டோஸ் எடுக்கும் முடிவு அது.

கணினிக்குள் இருக்கும் சமையற்கட்டு

உவமையை விட்டுக் கணினிக்குள் வருவோம். நீங்கள் திறக்கும் பிரவுசர், வேர்ட், விளையாட்டு, பாட்டுப் போடும் மென்பொருள் எல்லாம் கூடத்தில் இருப்பவை. அவற்றால் ஹார்டு டிஸ்க்கையோ திரையையோ நேராகத் தொட முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர்கள் கேட்பதைக் கொடுக்கும் சமையற்கட்டுக்குக் கெர்னல் என்று பெயர். இயங்குதளத்தின் உட்கரு அது. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், பிராசஸரில் யாருக்கு எப்போது முறை, டிஸ்க்கில் எதை எங்கே எழுதுவது என்று எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது.

இந்தப் பிரிவினையைப் பிராசஸரே கட்டிக் காக்கிறது. பிரவுசர் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால் பிராசஸர் அந்த நிமிடமே தடுத்துக் கெர்னலிடம் புகார் செய்யும். கெர்னல் அந்தப் பிரவுசரை மட்டும் மூடிவிடும். "இந்த மென்பொருள் இயங்குவது நின்றுவிட்டது" என்று ஒரு சின்னச் செய்தி வருமே, அது இதுதான். நீங்கள் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வீர்கள்.

அதே தவற்றைக் கெர்னலுக்குள் இருக்கும் ஒன்று செய்தால்? அதைத் தட்டிக்கேட்க மேலே யாரும் இல்லை. எல்லா அண்டாவும் அதன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அப்போதுதான் கெர்னல் எல்லாவற்றையும் நிறுத்துகிறது.

அப்படியானால் கெர்னலை எழுதிய மைக்ரோசாஃப்ட் மேல்தானே குற்றம் என்று கேட்கலாம். சமையற்கட்டுக்குள் அவர்களுடைய ஆட்கள் மட்டும் இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கிரைண்டர் வாடகைக்கு எடுத்தால் கூடவே ஒரு ஆள் வருவார் அல்லவா? அவர் மண்டபத்து ஆள் இல்லை, ஆனாலும் சமையற்கட்டுக்குள்தான் வேலை செய்வார். கணினியில் அவருக்கு டிரைவர் என்று பெயர். கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை, பிரிண்டர், ஒலி என்று ஒவ்வொரு கருவியையும் எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும் சிறு மென்பொருள் அது. பெரும்பாலும் கருவியைச் செய்த நிறுவனமே எழுதித் தருகிறது. அவற்றில் பல கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. ஆகவே எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்ட வைஃபை டிரைவரில் இருக்கும் ஒரு பிழை, உங்கள் வீட்டில் மொத்தக் கணினியையும் நிறுத்திவிட முடியும்.

சுருக்கமாக: கூடத்தில் நடக்கும் பிழை ஒரு மென்பொருளோடு போகும். சமையற்கட்டில் நடக்கும் பிழை எல்லாவற்றையும் நிறுத்தும். சமையற்கட்டுக்குள் விண்டோஸின் கெர்னலும், வெளியாட்களின் டிரைவர்களும், அவை எல்லாம் நம்பியிருக்கும் வன்பொருளும் இருக்கின்றன. காரணம் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

உலகமே நீலமான ஒரு வெள்ளிக்கிழமை

வைரஸும் இல்லாமல், வன்பொருளும் பழுதாகாமல் நீலத்திரை வருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவூட்டுவேன். அன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தும் மென்பொருள் அது. அதன் ஒரு பகுதி டிரைவராகக் கெர்னலுக்குள் ஓடுகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? புதிய கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் நிரலுக்குக் கிடைத்தவை 20. இல்லாத 21-வது மதிப்பைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை அது படிக்கப் போனது. பிரவுசர் இதைச் செய்திருந்தால் பிரவுசர் மட்டும் மூடியிருக்கும். கெர்னலுக்குள் நடந்ததால் கணினியே நின்றது. மறுபடி தொடங்கினால் அதே கோப்பை மறுபடியும் படித்து மறுபடியும் நின்றது.

அந்தக் கோளாறைச் சரிசெய்ய ஃபார்மட் தேவைப்படவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சேஃப் மோடில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதுமானதாக இருந்தது. சேஃப் மோடு என்பது விண்டோஸ் தனக்கு இன்றியமையாத டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியாட்களைப் பெரும்பாலும் உள்ளே விடாமல் தொடங்கும் முறை. அதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

திரையில் எதைப் படிப்பது?

விண்டோஸ் 8 முதல் அந்தத் திரையில் ஒரு சோக முகம் இருக்கும். பிறகு ஒரு க்யூஆர் கோடும் சேர்ந்தது. இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்தக் கோடு பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் அழைத்துப் போகும், உங்கள் கோளாறு எது என்று சொல்லாது. ஒன்று, இரண்டு என்று ஏறும் சதவீதம் இருக்கிறதே, அது முக்கியம். நின்ற நொடியில் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதிவுக்கு டம்ப் கோப்பு என்று பெயர். 100 வரும்வரை பொறுங்கள். பதறிப் பவர் பட்டனை அழுத்தினால் சாட்சியை நீங்களே அழித்தவர் ஆவீர்கள்.

கீழே, சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும். அதற்கு ஸ்டாப் கோட் என்று பெயர். கெர்னல் எதைக் கண்டு நின்றது என்பதன் சுருக்கம் அது. சில சமயம் அதற்கும் கீழே "வாட் ஃபெயில்டு" என்று ஒரு கோப்பின் பெயரும் வரும். பந்தியை நிறுத்திய சமையற்காரர் ஆளைக் கைகாட்டிவிட்டார் என்று பொருள். இந்த இரண்டையும், தேதியையும், அப்போது நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். செல்பேசியில் படம் எடுத்தாலும் போதும்.

படிப்பதற்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிவிடுகிறதா? விண்டோஸ் இயல்பாகவே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சிஸ்டம் அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி என்ற இடத்தில் "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதன் எதிரே இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் படித்து முடிக்கும்வரை திரை நிற்கும். பழைய நிகழ்வுகளைப் பார்க்க, ஸ்டார்ட் தேடலில் "ரிலயபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு நாட்காட்டி போன்ற பக்கம் வரும். எந்த நாளில் எது நின்றது, அதே நாளில் எது புதிதாக நிறுவப்பட்டது என்று அதில் சிவப்புக் குறிகளோடு இருக்கும். இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பத்தில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு செய்தி: விண்டோஸ் 11-இன் அண்மைக்காலப் பதிப்பில் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. சோக முகமும் க்யூஆர் கோடும் போய்விட்டன. ஸ்டாப் கோடும் கோப்பின் பெயரும் இருக்கின்றன. நிறம் மாறினாலும் பொருள் அதேதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். இணையத்தில் உலவும்போது நீலத்திரை போல ஒன்று வந்து, கூடவே ஒரு தொலைபேசி எண்ணும், சத்தமாக ஒரு குரலும் வந்தால் அது மோசடி. உண்மையான நீலத்திரையில் ஒருபோதும் தொலைபேசி எண் இருக்காது. மவுஸும் நகராது, எந்தக் குரலும் பேசாது. அந்தப் போலித் திரை, பிரவுசர் பக்கம் ஒன்று முழுத்திரைக்கு விரிந்திருப்பதுதான். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரை மூடுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள். அந்த எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே பெயரா, வெவ்வேறு பெயரா?

ஸ்டாப் கோட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீடுகளில் அடிக்கடி வருபவை சிலவே. "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்று வந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மேல். "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, எழுப்பியும் எழவில்லை. "இன்னாக்சசிபிள் பூட் டிவைஸ்" என்றால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே தொடக்கத்தில் படிக்க முடியவில்லை. "வீயா அன்கரெக்டபிள் எரர்" என்றால் வன்பொருளில் திருத்த முடியாத பிழை என்று பிராசஸரே சொல்கிறது. "மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" இரண்டும் நினைவகத்தைச் சுட்டுகின்றன, ஆனால் தவறான டிரைவரும் இவற்றை உண்டாக்கும்.

பெயரைவிட எனக்கு அதிகம் உதவியது பெயர்களின் வரிசை. நான்கைந்து முறை வந்த நீலத்திரைகளை எழுதி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஸ்டாப் கோட், அதே கோப்பின் பெயர், அதே வேலை செய்யும்போது என்றால் பெரும்பாலும் டிரைவர். ஒரே ஆள் ஒரே தவற்றை ஒரே மாதிரி செய்கிறார். ஒருமுறை ஒரு பெயர், மறுமுறை வேறொரு பெயர், எந்தத் தொடர்பும் இல்லை, சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் வன்பொருளைச் சந்தேகியுங்கள். தரை ஆடினால் யார் கையில் இருக்கும் பாத்திரம் விழும் என்று சொல்ல முடியாது. இன்று சாம்பார், நாளை பாயசம்.

இது நூறு சதவீத விதி இல்லை. ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சுருக்கமாக: ஸ்டாப் கோடையும் கோப்பின் பெயரையும் எழுதுங்கள். மாறாமல் வந்தால் டிரைவர் பக்கம் போங்கள். மாறிக்கொண்டே வந்தால் வன்பொருள் பக்கம் போங்கள். ஆறு மாதத்தில் ஒரே ஒரு முறை வந்து போனதா? எழுதி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

டிரைவர் பக்கம்

எதையும் தொடுவதற்கு முன், கணினி திறக்கிறது என்றால், முக்கியமான கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள். இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பிறகு ஒரே கேள்வி: நீலத்திரை தொடங்குவதற்குச் சற்று முன் எது மாறியது? புதுப் பிரிண்டர், புது வெப்கேமரா, விண்டோஸ் அப்டேட், புதிதாக நிறுவிய ஆன்டிவைரஸ், எதுவாகவும் இருக்கலாம். வெளியே செருகியிருப்பவற்றையெல்லாம் கழற்றிவிட்டுக் கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

இங்கே பலரும் அறியாத ஒன்று. விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால் கெர்னல் முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாகத் தொடங்குவதற்காக, தன் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற இந்த வசதி விண்டோஸ் 8-இல் வந்தது, பெரும்பாலான கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. "இரவு முழுக்க அணைத்து வைத்தேன், காலையிலும் அதே கோளாறு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கெர்னல் உண்மையில் புதிதாகத் தொடங்கவில்லை. "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் முழுமையாகத் தொடங்கும். ஆகவே முதல் மருந்து ரீஸ்டார்ட்.

குற்றவாளி டிரைவர் தெரிந்துவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் மேல் வலப்பக்கம் சொடுக்கி, பண்புகளில் டிரைவர் என்ற பகுதிக்குப் போனால் "ரோல் பேக் டிரைவர்" இருக்கும். முந்தைய பதிப்புக்குத் திரும்ப அது வழி. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு இல்லை என்று பொருள். அப்போது கருவியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நான் என் வீட்டுக் கணினியில் அனுமதிக்கமாட்டேன். சமையற்கட்டுக்குள் இன்னும் பத்து அறியாத ஆட்களை அனுப்புவதற்குச் சமம் அது.

விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால்? தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய் எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே நீலத்திரை வரவில்லை என்றால் பெரும் பாரம் இறங்கியது போல. பெரும்பாலும் வெளியாட்களில் ஒருவர்தான் காரணம். கடைசியாக நிறுவியதை அங்கிருந்தே நீக்கலாம்.

வழியில் 48 இலக்கம் கொண்ட பிட்லாக்கர் சாவி கேட்கப்படலாம். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் வசதி அது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறு கணினியிலோ செல்பேசியிலோ கணக்கைத் திறந்து எடுக்கலாம். கணினி நன்றாக இருக்கும் இன்றே அதை எழுதி வைப்பது நல்லது. அது இல்லாவிட்டால் உங்கள் படங்களை யாராலும் மீட்க முடியாது.

அத்தை வீட்டு ரேம்

அத்தையின் கணினிக்கு வருகிறேன். மறுதொடக்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். நான்கு நாளில் மூன்று முறை வந்தது. ஆங்கிலப் பெயர்களை அத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியிருந்தார். முதல் நாள் "மெமரி மேனேஜ்மென்ட்". அடுத்தது "ஐஆர்க்யூஎல்" என்று தொடங்கியது. மூன்றாவது "பேஜ் ஃபால்ட்". ஒருமுறை பக்திப் பாட்டு கேட்கும்போது, ஒருமுறை சும்மா இருக்கும்போது. கோப்பின் பெயர் எதிலும் இல்லை. அதுவும் புதிதாக ஃபார்மட் செய்த கணினி. பழைய டிரைவர்கள் எல்லாம் போய்விட்டன. அப்படியிருந்தும் வருகிறது என்றால் விண்டோஸின் மேல் பழி போட இடமில்லை.

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் தற்காலிகமாக வைக்கப்படும் நினைவகம். 8 ஜிபி ரேமில் சுமார் 6,872 கோடிச் சிறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பூஜ்யமோ ஒன்றோ. அதில் ஓர் அறை வைத்ததை வைத்தபடி திருப்பித் தராவிட்டால் போதும். அந்த அறையில் இன்று படத்தின் ஒரு புள்ளி விழுந்தால் யாருக்கும் தெரியாது. நாளை கெர்னலின் முகவரி ஒன்று விழுந்தால் நீலத்திரை. வெவ்வேறு பெயர்கள் வருவதற்கு இதுதான் காரணம்.

ஸ்டார்ட் தேடலில் "மெமரி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை வரும். கணினியை மறுதொடக்கம் செய்து சோதிக்கும். அத்தை வீட்டில் அது அரைமணி நேரத்தில் வன்பொருள் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது என்று காட்டியது. காட்டாமல் விட்டாலும் ரேம் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் தீராவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுவார்கள்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் பஞ்சு போல் தூசி. கையால் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, ரேம் குச்சியின் இரு முனைகளிலும் இருக்கும் பிடிகளை வெளிப்பக்கம் தள்ளினேன். குச்சி தானாக மேலே எழும்பியது. இரண்டு குச்சிகள் இருந்தன. பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஒன்றை மட்டும் திரும்பச் செருகினேன். இரு பக்கமும் "டக்" என்று பிடிகள் தாமாக மூடும்வரை அழுத்த வேண்டும். பாதி செருகிய ரேமே பல வீடுகளில் கோளாறு. அந்தக் குச்சியோடு சோதனையை மறுபடி ஓட்டினேன். பிழை இல்லை. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதைச் செருகினேன். நாலாவது நிமிடத்தில் பிழை. அதே இடத்தில் செருகிப் பார்த்ததால் குற்றம் குச்சியில்தான், செருகும் இடத்தில் இல்லை என்பதும் உறுதியானது.

சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை வீட்டில் தொட முடியாது.

மற்ற வன்பொருள்

வெப்பத்தை எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் சட்டென்று அணைந்துவிடும். அப்போது நீலத்திரை வராது. ஆனாலும் தளர்ந்திருக்கும் ஒரு பாகத்தை வெப்பம் தவறச் செய்யும் என்பதால் விசிறியையும் தூசியையும் கவனியுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். மின்னழுத்தம் சரிந்து கணினி பட்டென்று அணைந்தால் அது மின்தடை. நீலத்திரைக்கு நிற்க நேரமே கிடைப்பதில்லை. அடுத்த முறை தொடங்கும்போது "கெர்னல் பவர் 41" என்று ஒரு பதிவு இருக்கும். முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. அதைப் பார்த்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

டிஸ்க் தளரத் தொடங்கினால் கணினி திறக்கவே வெகுநேரம் ஆகும், கோப்பு நகலெடுக்கும்போது உறையும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன் நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மறுதொடக்கமும் கடைசியாக இருக்கலாம்.

ஃபார்மட் எப்போது?

டிரைவரும் இல்லை, ரேமும் டிஸ்க்கும் நன்றாக இருக்கின்றன என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கலாம். அவற்றைச் சரிபார்த்துத் திருத்த எஸ்எஃப்சி என்ற கட்டளையும், அதற்குத் துணையாக டிஐஎஸ்எம் என்ற கட்டளையும் விண்டோஸிலேயே இருக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஃபார்மட். அப்போதும் எழுதிய தாளைக் கடைக்காரரிடம் கொடுத்து, "இந்தப் பெயர்கள் வந்தன, ரேமைச் சோதித்தீர்களா? கோப்புகளை நகலெடுத்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தத் தாளைப் பார்த்து மகிழ்வார், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ரேமுக்குப் பல நிறுவனங்கள் பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அத்தை கணினி வாங்கிய பில்லை அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கெட்டுப்போன குச்சிக்குப் பதிலாக மூன்று வாரத்தில் புதிது வந்துவிட்டது, செலவு கூரியருக்கு மட்டும். காதணி விழாப் படங்களில் ஏழு மட்டும் மாமாவின் பழைய செல்பேசியில் கிடைத்தன. மற்றவை இல்லை.